கியோட்டோ வீதியில் ஒரு தேர்த்திருநாள்

ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவுக்கு ஜூலை மாதம் முழுவதும் திருவிழாக்காலம். முதல் நாள் தொடங்கி 31ஆம் நாள் வரை நீளும் அவ்விழாவுக்குக் கியோன் மட்சுரி என்று பெயர். மட்சுரி என்றால் திருவிழா. கியோன் என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனால் அது பாரத நாட்டில் வந்து நிற்கிறது. கோசல நாட்டுச் சிராவஸ்தி நகரில் ஜேத இளவரசனுக்குரிய சோலை ஒன்று இருந்தது. அனாதபிண்டிகர் என்னும் வணிகர் அதைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிப் புத்தபிரானுக்குக் காணிக்கையாக்கினார் என்பது பௌத்த மரபு. ஜேதவனம் என்ற அந்தப் பெயர் சீன எழுத்துகளில் ஏறி, ஜப்பானியர் நாவில் சுருங்கிக் கியோன் ஆயிற்று.

ஜேதவனத்தின் காவல் தெய்வமாகக் கருதப்பட்டவர் கோஜு தென்னோ. எருதின் தலையை உடையவர் என்பது பெயரின் பொருள். கொள்ளைநோயை ஏவுகின்றவரும் அவரே, வணங்கினால் அதை விலக்குகின்றவரும் அவரே. ஜப்பானியரின் சொந்தத் தெய்வமான சுசானோவும் அவரும் ஒருவரே என்று மக்கள் நெடுங்காலம் வழிபட்டு வந்தார்கள். 1868இல் அரசு ஷிண்டோ வழிபாட்டையும் பௌத்த வழிபாட்டையும் வெவ்வேறாகப் பிரித்தபோது, கியோன் என்று விளங்கிய கோயிலுக்கு யாசகா என்ற பெயர் சூட்டப்பட்டது. சுசானோ என்ற திருநாமம் மட்டும் அங்கே நிலைத்தது. கோயிலின் பெயரை ஆணையால் மாற்ற முடிந்தது. விழாவின் பெயரை மாற்ற ஒருவராலும் முடியவில்லை.

விழாவின் தொடக்கம் 869ஆம் ஆண்டு. நாடெங்கும் நோய் பரவி உயிர்களைக் கொண்டுபோன காலம் அது. அன்றைய ஜப்பானின் 66 மாநிலங்களைக் குறிக்கும் வகையில் 66 ஈட்டிகளை அரண்மனையை ஒட்டிய ஷின்சென்-என் குளக்கரையில் நட்டு, கியோன் தெய்வத்தைப் பல்லக்கில் அங்கே எழுந்தருளச் செய்து, நோய் நீங்க வேண்டினார்கள். அந்த ஈட்டிகளே நூற்றாண்டுகள் செல்லச் செல்லச் சக்கரம் பெற்று, மேடை பெற்று, பட்டும் கம்பளமும் போர்த்து, இன்று வீதிவலம் வரும் 34 தேர்களாக வளர்ந்து நிற்கின்றன. ஜூலை 17ஆம் நாள் 23 தேர்களும், 24ஆம் நாள் 11 தேர்களும் உலா வருகின்றன.

2022ஆம் ஆண்டு ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. ஒசாகாவில் பணிநிமித்தம் வாழும் மூன்று தமிழர்கள் காலை ரயிலில் கியோட்டோவுக்குப் புறப்பட்டார்கள். மதுரையைச் சேர்ந்த கணவனும் மனைவியும், அவர்களுடைய தோழியான தஞ்சாவூர்ப் பெண் ஒருவரும். முக்கால் மணி நேரப் பயணத்தின் முடிவில், கராசுமா நிலையத்தில், உடன் பணிபுரியும் ஜப்பானியத் தோழி இவர்களுக்காகக் காத்திருந்தார். அவர் கியோட்டோவிலேயே பிறந்து வளர்ந்தவர். கையில் விசிறி, தோளில் ஒரு துணிப்பை, முகத்தில் கவசம். அந்த ஆண்டு எல்லோர் முகத்திலும் கவசம்தான்.

கொரோனா நோயால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தேரோட்டம் இல்லை. நோயை விரட்டப் பிறந்த திருவிழா நோயாலேயே தடைப்பட்டது. மூன்றாம் ஆண்டில் தேர்கள் மீண்டும் வருகின்றன என்பதால், ஓயிகே பெருவீதியின் இருபுறமும் விடிந்த சில மணி நேரத்திலேயே கூட்டம் கூடிவிட்டது. அன்று வீதியில் நின்றவர்களுக்கு மற்றொரு காரணமும் இருந்தது. 196 ஆண்டுகளாக ஊர்வலத்தில் வராத ஒரு தேர் அன்று வரவிருந்தது.

அதன் பெயர் தகாயாமா, அதாவது பருந்துத் தேர். வல்லூறைக் கையில் ஏந்திய பிரபு ஒருவர், வேட்டை நாயைப் பிடித்து நடக்கும் ஏவலர், சாராயப் பீப்பாயைச் சுமந்து வந்த களைப்பில் பலகாரம் தின்னும் ஏவலர் என மூன்று திருவுருவங்கள் அதில் உண்டு. வேட்டைக்குப் போகும் காட்சிக்கும் வழிபாட்டுக்கும் என்ன தொடர்பு என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றலாம். அந்தத் தெரு மக்களுக்கு அம்மூவரும் தெய்வத் திருமேனிகள். 1826ஆம் ஆண்டு உலாவில் பெருமழை பிடித்துத் தேரின் துணிகளும் அணிகளும் பாழாயின. மறு ஆண்டிலிருந்து தேர் ஓய்வில் இருத்தப்பட்டது. பிறகு 1864இல் கியோட்டோ நகரையே அழித்த பெருந்தீ அந்தத் தேரையும் தின்றது. மூன்று திருவுருவங்கள் மட்டும் தப்பின.

அதன் பின் அந்தத் தெரு மக்கள் செய்ததைத்தான் ஜப்பானியத் தோழி வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். தேர் இல்லை, செய்யப் பொருளும் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை வந்ததும் அந்த மூன்று உருவங்களையும் பேழையிலிருந்து எடுத்து, தெருவில் ஓர் அறையில் எழுந்தருளச் செய்து, விளக்கேற்றிப் படையல் வைத்தார்கள். தேர் ஓடாமல் திருமேனிக்கு மட்டும் இருந்த இடத்திலேயே நடக்கும் விழாவுக்கு ஜப்பானிய மொழியில் தனிப்பெயரே உண்டு. ஓடாத தேருக்கும் தனிப்பெயர் உண்டு: 'ஓய்வெடுக்கும் தேர்'. இல்லாமற்போன தேர் என்று அதை யாரும் சொல்வதில்லை. பாட்டன் வைத்த படையலை மகன் வைத்தான், அவன் மகனும் வைத்தான். தேரைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லாத காலம் வந்த பின்னும் அது தொடர்ந்தது.

2014இல் அந்தத் தேருக்கான இசைக்குழு முதலில் உருவாயிற்று. தேர் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்னதாகவே மேளம் வந்துவிட்டது. 2019இல், தேர் இல்லாமலே, பேழை ஒன்றைச் சுமந்துகொண்டு ஊர்வலத்தில் நடந்தார்கள். மற்றத் தேர்களுக்கு உரியவர்கள் தம்மிடம் இருந்த பழைய உறுப்புகளைக் கொடுத்து உதவினார்கள். அதன் பின்னரே இந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

காலை 9.30 மணிக்கு ஊர்வலம் தொடங்கியது. முதலில் வருவது வழக்கப்படி ஹஷி-பெங்கேய் தேர். பாலத்தின் மேல் துறவி வீரன் பெங்கேயும் இளஞ்சிறுவன் உஷிவகாவும் பொருதும் காட்சி அதில் அமைந்திருக்கிறது. அது சிறு தேர். அடுத்து வந்த வடக்குக் கன்னோன் தேரைக் கண்டதும் மதுரைக்காரர் தம்மை அறியாமல் கைகூப்பினார். கூரையின் மேல் வானளாவிய பைன் மரம், ஆள் உயரத்துக்கும் மேலான சக்கரங்கள், முன்னே வடம் பிடித்து வரும் இரு வரிசை ஆட்கள். தேரின் முன்விளிம்பில் இருவர் நின்று, விசிறியை வீசி, ஒரே குரலில் கூவி வடக்காரர்களுக்குச் சைகை கொடுக்கிறார்கள். மேல்தட்டில் அமர்ந்தவர்கள் சேகண்டி போன்ற சிறு தாளத்தையும் குழலையும் பறையையும் ஒலிக்கிறார்கள். அந்தத் தாளத்தின் ஓசையைக் கியோட்டோ மக்கள் 'கோன்-சிகி-சின்' என்று சொல்வார்கள். கோடைக்காலம் வந்துவிட்டது என்பதற்கு அந்த ஊரில் அதுவே அடையாளம்.

கன்னோன் என்பவர் வேறு யாரும் அல்லர், பாரதத்தின் அவலோகிதேசுவரரே. சீனம் வழியாகச் சென்று ஜப்பானில் கருணைத் தெய்வமாக நிலைபெற்றவர். வடக்கில் ஒரு கன்னோன் தேரும் தெற்கில் ஒரு கன்னோன் தேரும் உண்டு. நோய் தீர்க்கும் வில்லோ மரக்கிளையைத் தேரின் பின்புறம் கட்டி வருவது மரபு. மாரியம்மன் கோயில் திருவிழாவில் வேப்பிலை கண்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முந்தின நாள் இரவு தெற்குக் கன்னோனைச் சிறு பல்லக்கில் இறுகக் கட்டி, தெருவை மூன்று முறை ஓட்டமும் ஆட்டமுமாகச் சுற்றி வரும் வழக்கமும் உண்டு. வடக்குக் கன்னோன் மேல் தெற்குக் கன்னோனுக்கு ஆசை உண்டாகிவிட்டதாகவும், ஊர்வல நாளில் அமைதியாக இருக்கட்டும் என்று இப்படி ஆட்டிவிடுகிறார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. தெய்வத்தோடு அவ்வளவு உரிமை கொண்டாடும் ஊர் அது.

வேறொரு தேர், மலைத்தவசியான எந்நோ கியோஜாவுக்கு உரியது. அதன் தெருவில் 23ஆம் நாள் மலைத்துறவிகள் வந்து தீ வளர்த்து வேள்வி செய்வார்கள். அந்த வேள்விக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கோமா'. ஹோமம் என்ற வடசொல்லே கடல் கடந்து அப்படி ஆயிற்று.

தேர்களின் மேல் போர்த்திய துணிகளைப் பற்றியே தனியாக எழுதலாம். கெண்டைமீன் தேரின் மேல் தொங்குவது 16ஆம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியப் பகுதியில் நெய்த சித்திரத் திரை; அதில் உள்ளவர்கள் கிரேக்கக் காவியத்தில் வரும் டிராய் நகரத்து அரசனும் அரசியும். பாரசீகக் கம்பளங்கள் உண்டு, சீனப் பட்டுகள் உண்டு, பாரதத்தின் தக்காணத்தில் நெய்த கம்பளங்களும் உண்டு. வெளிநாட்டார் வருகைக்கு ஜப்பான் கதவை அடைத்திருந்த நூற்றாண்டுகளிலும் கியோட்டோ வணிகர்கள் எப்படியோ இவற்றை வாங்கித் தங்கள் தெருத் தேருக்குப் போர்த்தினார்கள். வீட்டில் விரித்துக்கொள்ள வாங்கியிருந்தால் இந்நேரம் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நால்வரும் நின்றிருந்த இடம் நகராட்சி மாளிகை அருகே கவாராமச்சி நாற்சந்தி. தேர் தெற்கு நோக்கித் திரும்ப வேண்டிய இடம் அது. தேர்ச் சக்கரங்களுக்குத் தாமே திரும்பும் அமைப்பு இல்லை. முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்பும் கலையைத் திருவாரூரிலும் தஞ்சையிலும் கண்டவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். இங்கே வழி வேறு. பிளந்த மூங்கில் சிம்புகளைச் சக்கரத்தின் கீழே பரப்பி, அவற்றின் மேல் வாளி வாளியாக நீர் ஊற்றுகிறார்கள். வடத்தைப் பக்கவாட்டில் கொண்டுபோய்ப் பிடிக்கிறார்கள். விசிறிக்காரர்கள் குரல் கொடுத்ததும் அத்தனை பேரும் ஒரே மூச்சில் இழுக்க, பல டன் எடையுள்ள தேர் ஈர மூங்கிலின் மேல் வழுக்கிக் கொஞ்சம் திரும்புகிறது. மீண்டும் மூங்கில், மீண்டும் நீர், மீண்டும் இழுப்பு. மூன்றாம் இழுப்பிலோ நான்காம் இழுப்பிலோ தேர் முகம் திரும்பித் தெற்கே நோக்கும்போது கூட்டம் கைதட்டுகிறது. தேரின் உடலில் ஆணி கிடையாது. மரங்களை வைக்கோற் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். திரும்பும் அதிர்ச்சியைக் கயிறு வாங்கிக்கொள்கிறது. ஆணி அடித்திருந்தால் மரம் பிளந்திருக்கும்.

கடைசித் தேருக்கு முந்தினதாகத் தகாயாமா வந்தது. மற்றத் தேர்கள் பழமையேறிக் கறுத்தும் பொன்முலாம் மின்னியும் சென்ற வீதியில் அது மட்டும் அரக்குப் பூசாத வெண்மரமாக வந்தது. அப்போதுதான் சீவிய மரத்தின் நிறம். அணிகள் இன்னும் முழுமை பெறவில்லை. உள்ளே இருந்த மூவரும் மட்டும் பழையவர்கள். கூட்டத்தில் வயது முதிர்ந்த சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதைத் தொடர்ந்து வந்தது ஓபுனே-ஹோக்கோ என்னும் பெருங்கப்பல் தேர். அதுவும் 1864 தீயில் எரிந்தது. 150 ஆண்டுகள் காத்திருந்து 2014இல் வீதிக்குத் திரும்பியது. எரிந்து மீண்ட இரண்டு தேர்கள் அடுத்தடுத்து ஊர்வலத்தை முடித்துவைத்தன.

தேர்கள் கடந்து போனதும் மதுரைக்காரரின் மனைவி கேட்டார்: "எல்லாம் பார்த்தாயிற்று. கோயில் சுவாமி எந்தத் தேரில் வந்தார்? எனக்குத் தெரியவே இல்லையே!"

ஜப்பானியத் தோழி சிரித்துவிட்டார். கியோட்டோவில் பிறந்தவர்களே பலர் இதைக் கேட்பதில்லை என்றார். தேர்களில் அந்தந்தத் தெருவின் திருவுருவங்கள் உண்டு. யாசகா கோயில் இறைவன் எந்தத் தேரிலும் ஏறுவதில்லை. தேர்கள் வருவது வழியைத் துப்புரவு செய்யத்தான். ஊரில் அலையும் நோயையும் தீய ஆவிகளையும் இசையாலும் அழகாலும் தம்பால் இழுத்துக்கொண்டு தேர்கள் போகின்றன. அதனால்தான் உலா முடிந்து தெருவுக்குத் திரும்பிய கையோடு அவற்றைப் பிரித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். இறைவன் மாலையில் வருவார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் கூட்டம் கலைந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் விழா முடிந்துவிட்டது என்றே ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். உலகெங்கும் பரவும் நிழற்படங்களும் தேர்களைத்தான் காட்டுகின்றன. 2009இல் யுனெஸ்கோ சிறப்புச் செய்ததும் தேரோட்டத்துக்குத்தான். தேருக்காக வந்தவர்கள் தேரோடு போனால் அதில் பிழை ஏதுமில்லை. ஆனால் சுவாமியைக் காணாமல் ஊர் திரும்புவதற்கு மதுரைக்காரரின் மனைவி இசையவில்லை. மாலை வரை இருப்பது என்று முடிவாயிற்று.

பகலுணவு சற்றுக் கடினம். அந்த ஊரில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு கலந்திருக்கும் என்பதைச் சைவ உணவு உண்போர் அறிந்திருக்க வேண்டும். பௌத்த மடங்களின் மரக்கறி உணவைச் சமைக்கும் சிற்றுண்டிச் சாலை ஒன்றுக்குத் தோழி முன்பே சொல்லிவைத்திருந்தார். சோயாப் பாலின் ஆடை, எள்ளில் செய்த கட்டி, ஊறுகாய், சோறு. மேசைக்கு வெள்ளரிக்காய் வந்தபோது தோழி மட்டும் அதைத் தொடவில்லை. வெள்ளரியைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவம் யாசகா கோயிலின் முத்திரையை ஒத்திருக்கிறதாம். ஆகவே விழாவில் ஈடுபடுவோர் ஜூலை மாதம் முழுவதும் வெள்ளரி உண்பதில்லை. கோடையில் மலிவாகக் கிடைக்கும் காயை விட்டுக்கொடுக்கும் இந்த விரதத்தைத் தமிழர் மூவரும் உடனே புரிந்துகொண்டார்கள்.

உணவுக்குப் பின் ஷிஜோ வீதியில் உள்ள ஓதாபிஷோவுக்கு நடந்தார்கள். கடைகள் நெருங்கிய வீதியில், இரு கட்டடங்களுக்கு நடுவே அமைந்த மண்டகப்படி அது. ஜூலை 17ஆம் நாள் மாலை கோயிலை விட்டுப் புறப்படும் மூன்று பல்லக்குகளும் 24ஆம் நாள் வரை இங்கேதான் தங்குகின்றன. பூரி ஜகந்நாதர் கோயிலை விட்டுக் குண்டிச்சா மந்திரத்தில் சில நாட்கள் தங்குவதை மதுரைக்காரர் நினைவூட்டினார். மூன்று பல்லக்குகளில் நடுவே உள்ளது ஆறு பக்கக் கூரை கொண்டது. அது சுசானோவுக்கு உரியது. நான்கு பக்கக் கூரையுள்ள பல்லக்கில் தேவியான குஷினாதா. எட்டுத்தலைப் பாம்புக்கு இரையாக இருந்தவளைச் சுசானோ காத்து மணந்தார் என்பது புராணம். எட்டுப் பக்கக் கூரையுடையது அவர்களுடைய எட்டுப் பிள்ளைகளுக்கு. குடும்பமாகவே எழுந்தருளியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மதுரைக்காரரின் மனைவிக்கு நிறைவு உண்டாயிற்று.

அந்த ஏழு இரவுகளும் வாய்பேசாமல் வந்து வணங்கினால் நினைத்தது கைகூடும் என்பது ஊர் நம்பிக்கை. வழியில் எதிர்ப்படுவோர் கேள்வி கேட்டாலும் மறுமொழி சொல்லக் கூடாது. கியோன் பகுதியின் ஆடற்கலைப் பெண்கள் இந்த மௌன வழிபாட்டை மேற்கொள்வதாகச் சொல்வார்கள்.

தஞ்சாவூர்ப் பெண் காலையிலிருந்தே மிகுதியாகப் பேசவில்லை. பல்லக்குகளின் முன் நின்றபோதுதான் கேட்டார்: "நோயைத் தருகிறவரும் இவர்தான் என்று சொன்னீர்களே. அவரிடமேவா போய் நிற்கிறீர்கள்?"

"ஆம். வேறு யாரிடம் போவது?" என்றார் ஜப்பானியத் தோழி. பிறகு 2020ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னார். பல்லக்கைச் சுமக்க நூற்றுக்கணக்கானோர் தோளோடு தோள் உரசி நிற்க வேண்டும். நோய்க்காலத்தில் அது ஆகாது. பல்லக்குகள் கோயிலிலேயே இருந்தன. கோயிலார் சககி என்னும் புனித மரக்கிளையில் இறைவனை எழுந்தருளச் செய்து, அந்தக் கிளையை வெண்குதிரையின் முதுகில் ஏற்றி, சிலர் மட்டும் உடன் நடக்க, இந்த ஓதாபிஷோவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழு நாள் கழித்து அவ்வாறே திரும்பினார்கள். தேர்களுக்கு உரிய தெருக்களின் சார்பில் சிலர் மரக்கிளை ஏந்தி நடந்துவந்து வணங்கினார்கள். மேளம் இல்லை, கூட்டம் இல்லை. ஆனால் 17ஆம் நாள் வர வேண்டியவர் 17ஆம் நாள் வந்தார். 24ஆம் நாள் போக வேண்டியவர் 24ஆம் நாள் போனார்.

தஞ்சாவூர்ப் பெண்ணின் தந்தை 2021 மே மாதம் கொரோனாவால் காலமானவர். எல்லைகள் அடைபட்டிருந்ததால் மகள் ஊருக்குப் போகவில்லை. கைப்பேசித் திரையில்தான் எல்லாம் கண்டார்.

"நான்கு பேர்தான் இருந்தார்கள்," என்றார் அவர். "ஆனால் ஒன்றும் விட்டுப்போகாமல் முறைப்படி செய்தார்கள்."

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. சற்று நேரம் நால்வரும் அங்கேயே நின்றார்கள்.

இந்த விழாவின் வரலாற்றில் தடைகளுக்குக் குறைவில்லை. 1467இல் மூண்ட ஓனின் போர் கியோட்டோவைச் சாம்பலாக்கியது. 1500ஆம் ஆண்டில்தான் தேர்கள் மீண்டும் கிளம்பின. 1533இல் கோயில் விழாவை நடத்தக் கூடாது என்று ஆட்சியாளர் ஆணையிட்டபோது, கோயில் சடங்கு நடக்காவிட்டாலும் தேர்களை மட்டுமாவது இழுக்க விடுங்கள் என்று நகர மக்கள் மன்றாடினார்கள். அன்று சடங்கு நின்றும் தேரை ஓட்ட விரும்பினார்கள். 2020இல் தேர் நின்றும் சடங்கை நடத்தினார்கள்.

மாலை ஐந்து மணி அளவில் ஓதாபிஷோவின் முன் வெண்ணிற மேலாடை அணிந்த ஆடவர்கள் குவிந்தார்கள். இவர்களே இத்தெய்வத்தின் ஸ்ரீபாதம் தாங்கிகள். சுசானோவின் பல்லக்கையும் தேவியின் பல்லக்கையும் சுமக்க வழிவழியாக வரும் இரண்டு குழுக்கள் உண்டு. பிள்ளைகளின் பல்லக்கு நிஷிகி கடைத்தெருவுக்கு உரிமையானது. பகலில் காய்கறியும் மீனும் விற்ற அத்தெருக்காரர்கள் மாலையில் தோள் கொடுக்க வந்துவிடுகிறார்கள். நடுப்பல்லக்கின் எடை சுமார் 2 டன். "ஹோயிட்டோ, ஹோயிட்டோ" என்ற முழக்கத்தோடு அதைத் தலைக்கு மேல் உயர்த்தி அசைக்கும்போது பல்லக்கில் தொங்கும் உலோக வளையங்கள் சலசலக்கின்றன. காலையில் தேரைக் கண்ட கூட்டத்தில் நான்கில் ஒரு பங்குகூட இப்போது இல்லை. நின்றவர்களோ நெற்றி தாழ்த்தி வணங்கினார்கள். தேர் வந்தபோது கைதட்டல். பல்லக்கு வந்தபோது கைகூப்பல். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மொழி தெரியாதவருக்கும் விளங்கியது.

பல்லக்குகள் நேரே கோயிலுக்குப் போவதில்லை. நகரின் மேற்கே சென்று, சஞ்ஜோ வீதியில் உள்ள சிறிய துணைக்கோயில் ஒன்றில் தங்கிப் படையல் ஏற்கின்றன. ஷின்சென்-என் குளம் இன்று சுருங்கி ஒரு கோயில் தோட்டமாகிவிட்டது. ஆனால் 869இல் அந்தக் குளக்கரை இருந்த இடம் வரை தெய்வம் இன்னமும் போய் வருகிறது. குளம் விலகிப் போனாலும் தெய்வம் போகும் வழியை யாரும் சுருக்கவில்லை.

நண்பர்கள் பல்லக்கின் பின்னே முழுத் தொலைவும் நடக்கவில்லை. ஜூலை மாதத்துக் கியோட்டோ வெக்கை அதற்கு இடம் கொடுக்காது. கோயிலின் செந்நிற வாயிலைக் கடந்து உள்ளே போய்க் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஜப்பானியத் தோழி துணிப்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்தார். மூங்கிலிலைகளைச் சுருட்டிக் கற்றையாகக் கட்டியது. சிமாக்கி என்பது அதன் பெயர். இலையில் பொதிந்த அரிசிப் பலகாரத்துக்கும் அதே பெயர்தான். பருந்துத் தேரில் பீப்பாய்க்காரர் தின்பது அதைத்தான். ஆனால் திருவிழாச் சிமாக்கிக்குள் உண்பதற்கு ஒன்றும் இராது. வீட்டு வாசலின் மேல் கட்டித் தொங்கவிட வேண்டிய காப்பு அது. அதில் ஒட்டிய தாளில் 'சோமின் ஷோராயின் வழித்தோன்றல்கள் நாங்கள்' என்று எழுதியிருக்கிறது.

அந்தச் சோமின் யார்? முன்னொரு காலத்தில் நெடுந்தொலைவு பயணம் போன தெய்வம், ஒரு மாலையில் வழிப்போக்கன் உருவில் ஓர் ஊரை அடைந்தது. செல்வனான கோத்தான் இடம் தர மறுத்துவிட்டான். அவனுடைய சகோதரன் சோமின் பரம ஏழை. அவன் தன் குடிசைக்கு அழைத்து, தினைத்தாளைப் பரப்பிப் படுக்கையாக்கி, தினைச்சோறு இட்டான். ஆண்டுகள் சென்று தெய்வம் திரும்பி வந்தது. இடுப்பில் நாணற்புல் வளையத்தைக் கட்டிக்கொள்ளும்படி அந்த வீட்டாருக்குச் சொல்லிற்று. அந்த ஊரில் கொள்ளைநோய் புகுந்தபோது வளையம் கட்டியவர்கள் மட்டும் பிழைத்தார்கள். இளையான்குடிமாற நாயனார் நடுநிசியில் வந்த அடியவருக்கு முளைநெல் வாரி வந்து அமுது படைத்த வரலாற்றை மதுரைக்காரர் தம் தோழிக்குச் சொன்னார். தோழி அதைக் கவனமாகக் கேட்டார். நெல்லை விதைத்த அன்றே திரும்ப எடுத்து வந்தாரா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

இரவு வளர்ந்த பின் முழக்கம் கேட்டது. ஒவ்வொரு பல்லக்காக வந்து, நடுவிலுள்ள ஆடல் மண்டபத்தை மூன்று முறை வலம் வந்து, மண்டபத்தின் மேல் ஏற்றப்பட்டது. அத்தனை நேரம் தோள் கொடுத்தவர்கள் கடைசிச் சுற்றில்தான் உரக்க முழங்கினார்கள். பின்னர்க் கோயில் வளாகத்தின் விளக்குகள் அனைத்தும் அணைக்கப்பட்டன. பல்லக்கிலிருந்து இறைவனை மூலத்தானத்துக்கு எழுந்தருளச் செய்யும் சடங்கு அந்த இருளில் நடக்கிறது. யாரும் பார்ப்பதற்கில்லை. கூட்டம் தலைகுனிந்து நின்றது, ஒருவரும் பேசவில்லை. மீண்டும் விளக்கு எரிந்தபோது பல்லக்குகள் வெறும் பல்லக்குகளாக மண்டபத்தில் இருந்தன.

ஒசாகா செல்லும் கடைசி ரயில்களில் ஒன்றைப் பிடிக்க மூவரும் ஷிஜோ வீதியில் விரைந்து நடந்தார்கள். 31ஆம் நாள் கோயில் வளாகத்தில் உள்ள சோமினின் சிறு சந்நிதியில் பெரிய நாணற்புல் வளையம் வைப்பார்கள். அதன் வழியே நுழைந்து வெளிவந்தால் அந்த ஆண்டு விழா நிறைவுறும். அந்தச் சிமாக்கி இப்போது தஞ்சாவூர்ப் பெண்ணின் பையில் இருந்தது. வாசலில் கட்டிவிட்டு, அடுத்த ஜூலையில் பழையதைக் கோயிலில் சேர்த்துப் புதியது வாங்க வேண்டும் என்று தோழி சொல்லி அனுப்பியிருந்தார்.